வாசல் வெளிச்சத்தில் ஒரு வைரம்

அவரைத் திமிர் பிடித்தவர் என்று சொல்கிறவர்களோடு நான் வாதாடப் போவதில்லை. திமிர் இருந்தது. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், மாடியில் இருந்த பல் கிளினிக்கில் அவருக்கு நான் உதவியாளராக வேலை பார்த்தேன். முகக்கவசத்துக்கு மேலே தெரிகிற கண்ணைப் பார்த்தே எந்தக் கருவி வேண்டும் என்று எடுத்துக் கொடுக்கிற அளவுக்குப் பழகியவள். அந்த உரிமையில் சொல்கிறேன்: அவருக்குத் திமிர் இருந்தது, அது அவருக்கு நன்றாகவே பொருந்தியது.

பெயர் சொல்லமாட்டேன். நான் டொக்டர் என்றுதான் கூப்பிட்டேன், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். யாழ்ப்பாணத்துப் பெண், முப்பத்தைந்து தாண்டியவர், கலியாணம் கட்டாமல் தனியாக இருந்தவர். அந்தக் கட்டடத்தை இப்போது இடித்துவிட்டார்கள். நானும் வேறு கிளினிக்குக்கு மாறிவிட்டேன். அங்கே எல்லாரும் இனிக்க இனிக்கப் பேசுகிறார்கள். எனக்குத்தான் இன்னும் பழகவில்லை.

அவரிடம் இருந்தது ஒரே குணம், மற்றதெல்லாம் அதற்குள் அடக்கம். எதையும் பகல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பார். பார்த்ததை அப்படியே வாய்விட்டுச் சொல்வார். யாருக்காகவும் ஒரு சொல்லைக் குறைக்கமாட்டார், கூட்டவும் மாட்டார்.

தொழிலில் அதற்கு இடம் இருந்தது. முன்பல்லுக்கு மூடி போட வருகிறவர்களுக்குப் பக்கத்துப் பல்லோடு நிறம் பொருந்த வேண்டும். அதற்கு மாதிரிப் பற்கள் வரிசையாகக் குத்திய பட்டை ஒன்று இருக்கும். மற்ற டொக்டர்கள் கதிரைக்கு மேலே இருக்கும் விளக்கிலேயே பார்த்து முடித்துவிடுவார்கள். இவர் ஆளை எழுப்பி யன்னலடிக்குக் கூட்டிப்போவார், உதட்டுச்சாயம் இருந்தால் துடைக்கச் சொல்வார், பட்டையைப் பல்லோடு வைத்துத் தள்ளி நின்று பார்ப்பார், கிட்ட வந்து பார்ப்பார். மழை இருட்டு என்றால், "இண்டைக்கு நிறம் பாக்கேலாது, நாளைக்கு வாங்கோ" என்று அனுப்பிவிடுவார். மழையில் நனைந்து வந்தவர்கள் என்னைத்தான் முறைப்பார்கள்.

ஒருமுறை ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் வந்தார். "டொக்டர், நல்ல பளிச்செண்டு வெள்ளையாப் போட்டுவிடுங்கோ. மகளின்ர கலியாணம் வருது" என்றார்.

"ஐயா, நீங்கள் கேக்கிற வெள்ளை கக்கூசுக் கொமட்டிலதான் வருது. பல்லில வாறேல்ல."

மனிதர் முகம் சிவந்து படியிறங்கிப் போனார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன், ஒரு நோயாளி போய்விட்டாரே என்று. அடுத்த கிழமை அவரே திரும்பி வந்து யன்னலடியில் நல்ல பிள்ளையாக நின்றார். டொக்டர் அவருக்கு வெளிர் மஞ்சள் படிந்த ஒரு நிறத்தைத் தெரிவு செய்தார். மூடி போட்ட பிறகு எது அவருடைய சொந்தப் பல் என்று எனக்கே தெரியவில்லை.

கிளினிக்கோடு இந்தக் குணம் நின்றிருந்தால் யாருக்கும் தொல்லையில்லை. கடைக்கும் கூடவே வரும். காலி வீதியில் ஒரு புடவைக்கடைக்கு அவரோடு போயிருந்தேன். சேலையைத் தோளில் போட்டபடி நேரே வாசலைத் தாண்டி நடைபாதைக்குப் போய்விட்டார். விற்பனை செய்கிற பையன் பின்னால் ஓடிவந்தான்.

"மிஸ், வெளிய கொண்டுபோகக் கூடாது. முதலாளி ஏசுவார்."

"தம்பி, நான் இதை உடுத்துக்கொண்டு வெளியிலதான் திரியப்போறன். உங்கட கடைக்குள்ள நிக்கப்போறேல்ல."

பஸ்ஸில் போகிறவர்கள் எல்லாம் பார்க்க, அந்தச் சேலையை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்து, "கடைக்குள்ள மாம்பழ நிறம், இஞ்ச சாம்பல்" என்று திருப்பிக் கொடுத்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. அவருக்கு இல்லை.

என்னையும் விட்டுவைக்கவில்லை. நான் ஆசைப்பட்டு வாங்கிய நீலச் சுடிதாரைப் போட்டுக்கொண்டு போன அன்று, வந்ததும் வராததுமாக, "இந்த நிறம் உமக்குச் சரியில்லை. முகம் வாடித் தெரியுது" என்றார். மத்தியானம் வரை நான் வாயே திறக்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தபோது அவர் தன் சாப்பாட்டுப் பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

"கோவமோ? கோவமெண்டால் கோவமெண்டு சொல்லும்."

"கோபம்தான்."

"சரி. இந்தக் கத்தரிக்காய்ப் பொரியலை எடும்."

அவ்வளவுதான் சமாதானம். அந்தச் சுடிதாரை நான் வேண்டுமென்றே மறுபடியும் போட்டுப் போனேன். அவர் அதற்கும் சிரித்தார்.

சிரித்தால் அவருடைய பல் தெரியும். மேல் வரிசையில் முன்பல் ஒன்று மஞ்சள். இலேசான மஞ்சள் இல்லை, அறைக்குள் வருகிற யாருக்கும் முதலில் கண்ணில் படுகிற மஞ்சள். சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து அடிபட்ட பல். உடையவில்லை, ஆடவில்லை, நோகவுமில்லை. வருடம் போகப் போக நிறம் மட்டும் மாறிவிட்டது. எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்திருக்கிறார், வேர் வரை ஒரு பழுதும் இல்லை. வெளுப்பு மருந்துக்கு அது மசியவில்லை. மூடி போடலாம். ஆனால் மூடி போடுவதற்கு அந்த நல்ல பல்லைச் சுற்றிவர அரைக்க வேண்டும். "பழுதில்லாத பல்லில நான் கை வைக்கிறேல்ல" என்பது அவருடைய சட்டம். அந்தச் சட்டத்தில் தனக்கென்று சலுகை வைத்துக்கொள்ளவில்லை.

பல் டொக்டரே மஞ்சள் பல்லோடு சிரித்தால் யார் வருவார்கள் என்று அவரோடு படித்தவர்கள் கேட்டிருக்கிறார்கள். தெஹிவளையிலிருந்து ஒரு முஸ்லிம் தாய் தன் மகளைக் கூட்டிவந்தபோது, அந்தச் சின்னவள் கதிரையில் படுத்தபடி, "டொக்டர், நீங்க பல்லு தீட்டுறல்லயா?" என்று கேட்டுவிட்டாள். தாய்க்கு முகம் செத்துவிட்டது. டொக்டர் முகக்கவசத்தைக் கழற்றி, குனிந்து, அந்தப் பல்லை நன்றாகக் காட்டினார்.

"தீட்டுறனான். இது சைக்கிளால விழுந்த பல். வடிவாப் பாருங்கோ. மஞ்சள்தான், ஆனா உங்கட பூச்சிப்பல்லை விட நல்ல பல்."

பிள்ளை ஆர்வமாக எட்டிப் பார்த்தது. பிறகு ஊசி போடும்வரை அழவே இல்லை.

இப்படிப்பட்டவருக்குக் கலியாணம் பேசி வந்தது. தரகர் வழியாக வந்த பேச்சு. மாப்பிள்ளை வெளிநாட்டில், ரொறொன்ரோவில் என்ஜினியர். படங்கள் பரிமாறி, சாதகம் பார்த்து, பிறகு இவர்கள் இரண்டு பேரும் போனில் கதைக்கத் தொடங்கினார்கள். காலையில் முதல் நோயாளி வருவதற்கு முன் அழைப்பு வரும், அங்கே அப்போது இரவு. டொக்டர் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துவிட்டுக் கருவிகளை அடுக்குவார். "தங்கச்சி நிக்கிறா, பாத்துக் கதையுங்கோ" என்று என்னைப் பற்றி மாப்பிள்ளையிடம் சொல்லியும் விடுவார். அவர், "தங்கச்சி, டொக்டர் இண்டைக்கு ஆரோட சண்டை?" என்று என்னைக் கேட்பார். நல்ல பகிடிக்காரர். காலையில் என்ன சாப்பிட்டார் என்று ஒவ்வொரு நாளும் கேட்பார், இடியப்பம் என்றால் பெருமூச்சு விடுவார்.

டொக்டருக்கு அவரைப் பிடித்திருந்தது. இதை நான் ஊகிக்கவில்லை, அவரே சொன்னார். "எனக்கு இந்த மனுசனில விருப்பம் வந்திட்டுது தங்கச்சி. இவ்வளவு காலம் தனிய இருந்தது போதும்" என்றார். அந்த நாட்களில் பல் பிடுங்கும்போதுகூட ஏதோ முணுமுணுத்துப் பாடுவார்.

மாப்பிள்ளையின் தாய், டொக்டருக்கு மாமியாகப் போகிறவர், ஏற்பாடுகளைக் கவனிக்க முதலில் வந்து, வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் தங்கினார். பதிவுத் திருமணத்தை அவர்கள் எழுத்து என்பார்கள். எழுத்தும் மோதிரம் மாற்றுவதும் ஒரே நாளில் என்று முடிவாகியது. மகன் அனுப்பிய தொகைக்குள் வைர மோதிரம் வாங்க வேண்டும். செட்டியார் தெருவில் பார்க்கலாம் என்றார்கள். என் வீடு ஜிந்துப்பிட்டியில், அங்கிருந்து நடக்கிற தூரம். அந்தத் தெருவில் எந்தக் கடையில் என்ன விலை சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும் என்பதால் டொக்டர் என்னையும் வரச் சொன்னார்.

கடை முதலாளி வெள்ளைக் கடதாசிப் பொதிகளைப் பிரித்து மூன்று நான்கு கற்களை மேசையில் வைத்தார். மாமிக்கு இரண்டு நிபந்தனை. ஒன்று, கல்லுக்குள் புள்ளியோ கீறலோ எதுவும் இருக்கக்கூடாது. புள்ளி விழுந்த வைரம் குடும்பத்துக்கு ஆகாது என்பது அவர்கள் பக்கத்து நம்பிக்கை. அவருடைய ஒன்றுவிட்ட தங்கை ஒருத்தி அப்படி ஒரு தோட்டைப் போட்டு ஒரு வருடத்துக்குள் புருசனைப் பறிகொடுத்த கதையை முதலாளிக்கும் சொன்னார். மற்றது, மோதிரம் வெள்ளைத் தங்கத்தில் இருக்க வேண்டும். "அங்க இப்ப ஒருத்தரும் மஞ்சள் தங்கத்தில போடுறேல்ல" என்றார்.

முதலாளி கொடுத்த உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்து மாமி ஒவ்வொரு கல்லாகப் பார்த்தார். முதல் கல்லில் ஓரத்தில் கீறல், தள்ளிவைத்தார். இரண்டாவதில் நட்டநடுவில் கறுப்பாக ஒரு பொட்டு, தொடவே இல்லை. மூன்றாவது துப்புரவு. "இதுதான். உள்ளுக்கு ஒண்டுமில்லை, தண்ணி மாதிரி இருக்கு" என்று மலர்ந்துபோனார். கடை விளக்கில் அது மினுங்கியது. எனக்கும் நல்ல கல் என்றே பட்டது.

டொக்டர் அந்தக் கல்லையும் முதலாவது கல்லையும் கேட்டு வாங்கினார். மேசையில் கிடந்த வெள்ளைக் கடதாசியை நடுவில் மடித்து, அந்த மடிப்பில் இரண்டையும் கவிழ்த்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பிறகு எழுந்து வாசலுக்கு நடந்தார். முதலாளி பதறி எழுந்தார், கதவடியில் நின்ற காவலாளியும் நிமிர்ந்தார்.

"பயப்படாதேங்கோ. வாசல்படி தாண்டமாட்டன். நீங்களும் வந்து பிடியுங்கோ" என்றார் டொக்டர்.

வாசலில் நாலு பேரும் அந்தக் கடதாசிக்கு மேலே தலை குனிந்து நின்றோம். தெருவில் கைவண்டிக்காரன் வழி கேட்டுக் கத்தினான். பகல் வெளிச்சத்தில் வித்தியாசம் அப்படியே தெரிந்தது. கீறல் உள்ளது வெள்ளையாக இருந்தது. துப்புரவான கல், பால் விடாத தேநீரில் தண்ணீர் கலந்ததுபோல ஒரு மஞ்சளாக இருந்தது.

"மாமி, கண்ணாடி வைச்சாத்தான் தெரியிற கீறலுக்குப் பயந்து, சும்மா பாத்தாலே தெரியிற நிறத்தை விட்டிட்டம். இந்தக் கல்லை வெள்ளைத் தங்கத்தில கட்டினா இன்னும் மஞ்சளாத்தான் காட்டும். வெள்ளைத் தங்கம்தான் வேணுமெண்டால் முதல் கல்லை எடுப்பம். நடுவில கறுப்பு எண்டால் நானும் வேண்டாமெண்டுதான் சொல்லுவன். இது ஓரத்தில இருக்கிற சின்னக் கீறல், கல்லைப் பிடிக்கிற கம்பிக்குக் கீழ மறைஞ்சிடும். துப்புரவான கல்தான் வேணுமெண்டால் இதையே எடுப்பம், மஞ்சள் தங்கத்தில கட்டுவம். அதில இந்த மஞ்சள் தெரியவே தெரியாது. எனக்கு ரெண்டும் சரி."

"டொக்டர் சொல்றது சரிதான்" என்றார் முதலாளி மெதுவாக.

மாமிக்கு அது பிடிக்கவில்லை. முதலாளி வேறு ஆமாம் போட்டது இன்னும் பிடிக்கவில்லை. "கீறல் கல்லை நான் என்ர வீட்டுக்கு எடுக்கமாட்டன். மஞ்சள் தங்கமும் வேண்டாம். எல்லாத்திலயும் நீர் பிழை பிடிக்கிறீர். மஞ்சள் மஞ்சள் எண்டு சொல்லுறீர், உம்மட பல்லை விடவோ?"

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. முதலாளி இருமினார். டொக்டர் கோபப்படவில்லை. உள்ளே போனார், மேசையில் நகை போட்டுப் பார்க்க வைத்திருந்த கண்ணாடியை எடுத்துவந்தார், இடுக்கியால் அந்தக் கல்லைத் தூக்கித் தன் முன்பல்லுக்குப் பக்கத்தில் பிடித்தார். யன்னலடியில் நோயாளிக்குப் பார்ப்பதுபோலவே நிதானமாகப் பார்த்தார்.

"இல்லை மாமி. என்ர பல்தான் கூட மஞ்சள். ஆனா உள்ளுக்கு ஒரு பழுதும் இல்லை. இவ்வளவு நேரமா நீங்கள் இந்தக் கல்லுக்குள்ள தேடினது அதைத்தானே?"

கைதட்ட வேண்டும்போல இருந்தது எனக்கு. மாமியின் முகம் இறுகிவிட்டது. "எழுத்துக்கு முதல் அந்தப் பல்லுக்கு ஒரு மூடி போட்டுவிடும். நீர்தானே பல் டொக்டர், உமக்கு என்ன பெரிய வேலை? நாலு சனம் வந்து பாக்கிற இடம்."

"நல்ல பல்லை அரைக்கமாட்டன் மாமி."

"அப்ப நான் மகனோட கதைக்கிறன்."

கற்கள் மறுபடியும் பொதிகளுக்குள் போயின. மாமி தான் வந்த காரில் போய்விட்டார். டொக்டர் ஓட்டோவில் ஏறாமல் என்னோடு ஜிந்துப்பிட்டிச் சந்தி வரை நடந்துவந்தார். இரண்டு பேரும் ஒரு கடையில் நின்று சோடா குடித்தோம். அவர் பாதிச் சோடாவோடு நிறுத்திவிட்டார்.

"ஒரு மூடிதானே டொக்டர். போட்டுட்டு நிம்மதியா போயிருங்களேன்" என்றேன். மனதில் பட்டதைச் சொன்னேன். அவரிடம் வேறு எப்படிப் பேசுவது?

"போடலாம். பிறகு அது ஆருக்காகப் போட்டதெண்டு ஒவ்வொரு நாளும் வாய்க்குள்ளயே இருந்து சொல்லிக்கொண்டிருக்கும்." சோடாப் போத்தலைத் திருப்பிக் கொடுத்தார். "அவர் என்ன சொல்லுறார் எண்டு பாப்பம். அவர் அப்பிடிக் கேக்கமாட்டார்."

வீட்டில் இதைச் சொன்னதும் என் அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "பல்லுக்காக மாப்பிள்ளைய விடுவாங்களா? அந்தப் புள்ளைக்கு வயசு என்ன கொறையுதா?" என்றார். அம்மாவோடு அன்றைக்கு நன்றாகச் சண்டை போட்டேன். அவர் சொன்னதில் பாதி என் மனதிலும் இருந்தது, அதனால்தான் அவ்வளவு சத்தம் போட்டேன்.

அடுத்த நாள் காலை வழக்கம்போல அழைப்பு வந்தது. வெளியே வாங்கில் முதல் நோயாளி வந்து உட்கார்ந்திருந்தார். பேலியகொடை மீன் சந்தையில் வியாபாரம் செய்கிறவர், பெரிய உடம்புக்காரர், வீங்கிய கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டிருந்தார். கதவு திறந்துதான் இருந்தது. டொக்டர் போனை எப்போதும்போல ஸ்பீக்கரில் போட்டார். நான் கதவைச் சாத்தப் போனேன், வேண்டாம் என்று கை காட்டினார்.

"அம்மாவோட கதைச்சிட்டன்" என்றார் மாப்பிள்ளை, உற்சாகமாக. "பிரச்சினை முடிஞ்சுது. நீங்கள் பல்லுக்கு ஒண்டும் செய்யத் தேவையில்லை."

டொக்டர் கதிரையைப் பிடித்துக்கொண்டார். அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். "உண்மையாவோ?" என்றார், சின்னப் பிள்ளைபோல.

"ஓம். படம் எடுக்கிற பெடியனோட கதைச்சிட்டன். எல்லாப் படத்திலயும் அந்த ஒரு பல்லை வெள்ளையாக்கித் தருவானாம். வீடியோவிலயும் ஏலுமாம். அம்மாவுக்கும் சரி, உங்களுக்கும் சரி."

டொக்டர் கதிரையிலிருந்து கையை எடுத்தார். "அங்க வந்தாப் பிறகு?"

"இஞ்ச ஆர் கிட்ட நிண்டு பாக்கிறது? நீங்களும் கொஞ்சம் அளவாச் சிரிச்சீங்களெண்டால் ஒருத்தருக்கும் தெரியாது."

"அம்மாவை விடுங்கோ. ஆக்களையும் விடுங்கோ. உங்களுக்கு என்ர பல் எப்பிடி?"

"எனக்குப் பரவாயில்லை. உண்மையா, நான் பெரிசா எடுக்கேல்ல."

பாவம், அந்த மனிதர் அதை அன்பாகத்தான் சொன்னார். அந்தக் குரலில் கள்ளம் இல்லை. எனக்கே அது போதும் என்று தோன்றியது. இதற்கு மேல் யாரிடம் என்னத்தை எதிர்பார்ப்பது? டொக்டர் போனைக் கையில் எடுத்து வாய்க்குக் கிட்டே பிடித்தார்.

"நான் உங்களில எவ்வளவு விருப்பமா இருக்கிறன் எண்டு உங்களுக்குத் தெரியும். அதால வடிவாக் கேளுங்கோ. பரவாயில்லை எண்டு ஒருத்தர் என்னைக் கட்டவேண்டாம். அந்தப் படத்தில வெள்ளைப் பல்லோட ஒருத்தி நிக்கப்போறா எல்லே, அவவைத் தேடிக் கட்டுங்கோ. அது நான் இல்லை."

அவர் ஏதோ சொல்லத் தொடங்கினார். டொக்டர் போனை நிறுத்தி மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, கருவிகள் கழுவும் பின்னறைக்குள் போனார். அங்கே அழுதார். அடக்கி அழவில்லை, தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுச் சத்தத்தை மறைக்கவும் இல்லை. நெஞ்சு வெடிக்க அழுத அழுகை வாங்கு வரை கேட்டது. நான் பின்னறை வாசலில் நின்றேன், உள்ளே போகத் துணிவு வரவில்லை. எனக்கும் கண்ணீர் வந்தது. அந்த மாமியின் மேல், அந்தப் படக்காரப் பெடியனின் மேல், என் அம்மாவின் மேல், எல்லார் மேலும் ஆத்திரமாக வந்தது.

அழுது முடித்து வெளியே வந்தபோது முகம் கழுவியிருக்கவில்லை. கண் சிவந்து மூக்கு வீங்கி, அப்படியே வந்து புதுக் கையுறையை எடுத்தார். "வரச் சொல்லும்" என்றார்.

மீன் வியாபாரி உள்ளே வந்து, அவர் முகத்தைப் பார்த்து, வாசலிலேயே நின்றுவிட்டார். "டொக்டர், நான் வேணும்னா நாளைக்கு வர்றேன்" என்றார்.

"ஏன்? உங்கட பல் நோ நாளை வரைக்கும் பொறுக்குமோ? நான் அழுதனான், இனியும் அழுவன். அதுக்கும் உங்கட பல்லுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை." இரண்டு கைகளையும் அவருக்கு முன்னால் நீட்டிக் காட்டினார். "கை நடுங்குதோ எண்டு நீங்களே பாருங்கோ."

அவர் அந்தக் கைகளைப் பார்த்தார். பிறகு கதிரையில் சாய்ந்து படுத்து, வாயை அகலத் திறந்தார்.